நடு ஆற்றில் நின்ற விளையாட்டு

தப்பைத் தேடும்போது கூடவே இன்னொன்றையும் தேட வேண்டும் என்று நிலோஃபர் டீச்சர் முதல் வகுப்பில் சொல்லியிருந்தார். அந்த இன்னொன்று என்ன என்பதுதான் மாதேசனுக்கு ஞாபகம் வரவில்லை.

நாற்பத்தெட்டு வயது அவனுக்கு. வெளிநாட்டில் இருபது வருஷம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிவிட்டுக் கோவைக்குத் திரும்பியவன். வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொண்டது, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான நிலோஃபரிடம். அவர் அவனை அண்ணா என்பார். அவன் டீச்சர் என்பான்.

அவனுடைய முதல் கேம் வெளியாகி நாலு நாள் ஆகியிருந்தது. மூன்று வருஷ உழைப்பு. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு சிறுமி, தம்பியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்க வேண்டும். அம்மா போன நாளிலிருந்து தம்பி பேசுவதில்லை. நடு ஆற்றில், தண்ணீர் அக்காவின் கழுத்துக்கு ஏறும்போது, முதல்முறையாக வாயைத் திறப்பான்.

சரியாக அந்த இடத்தில், பாதிப் பேருக்குத் திரை அப்படியே நின்றுவிடுகிறது.

மாதேசன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். டீச்சர் பயிற்சி மையத்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒன்றரை ஸ்டார் டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள மூணுக்கு ஏறலைன்னா ஆன்லைன் கடையில இருந்து தூக்கிடுவாங்களாம். அப்புறம் இந்தக் கெட்ட பேரு போகவே போகாது.”

“என்னங்ணா பண்ணீங்க?”

“ஆத்தையே எடுத்துட்டேன். பாலம் போட்டுட்டேன். நிக்காம ஓடுது, பாருங்க.”

நிலோஃபர் பார்த்தார். சிறுமி பாலத்தில் நடந்தாள். அக்கரை வந்தது.

“தம்பி பேசவே இல்லையே?”

“பாலத்து மேல என்ன பயம்? பேசறதுக்குக் காரணமில்லை. அந்த வசனத்தையும் எடுத்துட்டேன்.”

“ம்.”

“ஆத்தைச் சரி பண்ண ஒரு மாசமாவது ஆகும். நீங்களே சொல்லுங்க டீச்சர், ஒரு கேமோட பேரு எதுல நிக்குது? ஒழுங்கா ஓடறதுலயா, கதையிலயா?”

“உங்களை ரொம்பத் திட்டுன ரிவ்யூ எது? படிங்க.”

“அது எதுக்கு இப்ப?”

“சிரிக்க மாட்டேன், படிங்ணா.”

மாதேசன் தொண்டையைச் செருமினான். “‘பதினோரு தடவை நின்னுபோச்சு. பதினோரு தடவையும் அதே ஆறு, அதே இடம். இதெல்லாம் ஒரு கேமா? செஞ்சவன் மட்டும் கையில கிடைச்சான்னா...’ மிச்சம் வேண்டாம் டீச்சர். எங்கப்பாவையும் இழுத்திருக்கான்.”

நிலோஃபர் சிரித்துவிட்டார். “சரி, நல்லதா ஒண்ணு படிங்க.”

“‘பத்து நிமிஷம் விளையாடினேன். பிரச்சினை இல்லை. அஞ்சு ஸ்டார்.’ இந்த மாதிரி நூறு பேர் வந்தாப் போதும், தப்பிச்சுக்குவேன்.”

“முதல் ஆளு எத்தனை தடவைன்னாரு?”

“பதினொண்ணு.”

“முதல் தடவை நின்னப்பவே அழிச்சிட்டுப் போயிருக்கலாமே. எதுக்குத் திரும்பத் திரும்ப ஆத்துல எறங்கினாரு?”

மாதேசன் அந்த ரிவ்யூவை மறுபடி மேலிருந்து படித்தான்.

“அப்ப, நின்னு போனாப் பரவாயில்லைங்கறீங்களா?”

“யாரு சொன்னா? அவரு திட்டுனது அத்தனையும் நியாயம். உங்கப்பாவை இழுத்ததைத் தவிர.” நிலோஃபர் காலி டம்ளரை மேசையில் வைத்தார். “தப்பைத் தேடறப்ப, தப்பு இருந்தும் ஆளை இழுக்கறது எதுன்னும் கூடவே தேடணும்னு முதல் வகுப்புலயே சொன்னேனே. தம்பி என்ன சொல்ல வந்தான்னு கேக்கத்தான் அந்த மனுசன் பதினோரு தடவை கழுத்தளவு தண்ணியில நின்னிருக்காரு. அவரைப் போயி பாலத்து வழியாக் கூட்டிட்டுப் போறேங்கறீங்க.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும், கடை தூக்குவதற்கு முன்னால், மாதேசன் தானே கேமைக் கடையிலிருந்து எடுத்துவிட்டான். பாலத்தை அழித்துவிட்டு ஆற்றில் வேலையைத் தொடங்கினான்.