பதினோரு நாள் தாகம்

"நான் சொல்லிக் கொடுத்ததுல என்ன குறை டீச்சர்?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

குரு செம்மலருக்கு முப்பத்திரண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கூட்டிவைத்து, கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்செய்து அனுப்புகிறவர். ஊருக்கே அவர் டீச்சர். அவருடைய கோடை வகுப்பில் ஆங்கிலம் நடத்தும் ஆரோக்கியசாமிக்கும்.

"யாரைச் சொல்றீங்க சார்?"

"மேகலாவை. போன வருஷம் என்கிட்ட நாப்பது நாள் படிச்சா. 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னு கேட்டா, தூக்கத்துல எழுப்பினாக்கூட இங்கிலீஷ்ல சொல்லுவா. காலேஜுக்குப் போய்ப் பதினோராம் நாள் திரும்பி வந்துட்டா. ஏன்னு கேட்டா தரையைப் பாக்கறா."

"மறுபடியும் அதே காலேஜ்ல சீட் வாங்கியிருக்காளே."

"வாங்கியிருக்கா. இந்தத் தடவையும் திரும்பி வந்தா நூல் மில்லுக்கு அனுப்பிடுவேன்னு அவங்க அப்பா சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்கு டீச்சர். இன்னும் பத்து நாள் கொடுங்க. இலக்கணத்தை ஆரம்பத்துலேர்ந்து நடத்திடறேன்."

செம்மலர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

ஆரோக்கியசாமி குடித்தார். "குடிச்சாச்சு. பதில் சொல்லுங்க."

"நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க சார்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு பிள்ளைகள் நின்றார்கள். கத்திரி வெயில் ஏழு மணிக்கே வேலையைக் காட்டியது. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆரோக்கியசாமியிடம் இரண்டு இருந்தன.

செம்மலர் ஒரு கோணிப்பையை விரித்தார். "பாட்டில் எல்லாம் இதுக்குள்ள. சாயங்காலம் வாங்கிக்கலாம்."

பிள்ளைகள் போட்டார்கள்.

"உங்களுதும் சார்."

"டீச்சர், இந்த வெயில்ல..."

"அவங்கவங்க சேரப்போற காலேஜுக்குப் போங்க. அங்க ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. பாத்ரூம் எங்க இருக்குன்னு பாருங்க. திரும்பி வாங்க. இந்த வருஷத்துக் கடைசிப் பாடம் இதுதான்."

நாற்பது நாள் பாடத்துக்கு இதுவா முடிவு என்று ஆரோக்கியசாமிக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க மேகலாவோட போங்க சார். அவளுக்காக நீங்க எதுவும் கேக்கக் கூடாது. உங்களுக்கு வேணும்னா தாராளமா கேட்டுக்கலாம்."

ஒன்றரை மணி நேரப் பயணம். கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்க வந்தவர்கள் கூட்டம். வாசலில் வாட்ச்மேன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அலுவலக ஜன்னலுக்குள் ஒரு அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மேகலா மரத்தடியில் உட்கார்ந்தாள். சாரும் உட்கார்ந்தார்.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு.

ஆரோக்கியசாமிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து வாட்ச்மேன் அருகே போனார். அவர் பக்கத்தைத் திருப்பினார். சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜன்னலுக்குப் போனார். அந்த அம்மா நிமிரவில்லை. சார் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

முப்பத்தைந்து வருடம் அவர் மேஜைக்குத் தண்ணீர் தானாக வந்தது. பியூன் கொண்டுவந்து வைப்பார். தெரியாத ஒருவரிடம் அவர் தண்ணீர் கேட்டதே இல்லை. அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"தாகமா சார்?" என்றாள் மேகலா. இந்தக் கோடையில் அவள் அவரிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

"பரவாயில்லம்மா."

"நானும் அப்படித்தான் சொன்னேன் சார். பதினோரு நாளும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மத்தப் பொண்ணுங்க எல்லாம் சேந்து சேந்து பாத்ரூம் போவாங்க. எனக்கு யாரையும் தெரியாது. எங்க இருக்குன்னு கேக்கக் கூச்சம். அதனால தண்ணி குடிக்க மாட்டேன். காலைல ஆறு மணிக்கு வீட்டுல குடிச்சா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுலதான். பதினோராம் நாள் கிளாஸ்லயே மயங்கி விழுந்துட்டேன்."

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க ஏன் சார் இன்னும் கேக்கல?"

ஆரோக்கியசாமி நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்தார்.

மேகலா அவருடைய உதட்டைப் பார்த்தாள். காய்ந்து வெடித்திருந்தது. துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். நேராக வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா."

செய்தித்தாள் இறங்கவில்லை.

"அண்ணா," என்றாள் மறுபடியும், சத்தமாக.

தாள் இறங்கியது. "யாரும்மா நீ?"

"பேரு மேகலா. போன வருஷம் இங்க பதினோரு நாள் படிச்சேன். பாதியில போயிட்டேன். ஜூன்ல திரும்ப வரப்போறேன். எங்க சாருக்குத் தாகம், எனக்கும்தான். தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுங்க. பொண்ணுங்க பாத்ரூம் எங்கன்னும் சொல்லுங்க."

வாட்ச்மேன் செய்தித்தாளை மடித்து நாற்காலியில் வைத்தார். எழுந்தார். "வாம்மா, காட்டறேன்," என்று முன்னால் நடந்தார்.

ஆரோக்கியசாமி எழுந்து பின்னால் நடந்தார். உன்னைப் பற்றிச் சொல் என்ற கேள்விக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்படியொரு பதிலைக் கேட்டதில்லை.

குழாயடியில் டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். மேகலா அதை அலம்பி, நிறையப் பிடித்து, "குடிங்க சார்," என்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவள் குடித்தாள். ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர். மூன்றாவதையும் குடித்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செம்மலர் கோணிப்பையோடு நின்றிருந்தார். ஆரோக்கியசாமி இறங்கி அவர் முன்னால் வந்தார். பாட்டிலை வாங்கக்கூட மறந்து, தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்த புது வாத்தியார்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இலக்கணம் நடத்தணும்னீங்களே சார். பத்து நாள் போதுமா?"

"இலக்கணம் வேண்டாம் டீச்சர். வாயைத் திறந்து கேக்கறதுக்கு எனக்கே தெரியல," என்றார் அவர்.

செம்மலர் மேகலாவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, ஜூன்ல போவியா?"

"மாடியில ஒரு பாத்ரூம் இருக்கு டீச்சர். அதுக்குத் தாழ்ப்பாள் இல்ல. லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கறதுதான் நல்லது," என்றாள் மேகலா. "புதுசா வர்ற பொண்ணுங்களை மொத நாளே நான் கூட்டிட்டுப் போயிடறேன்."