குண்டூசி குத்திய வேதாகமம்

"பயம் வந்துட்டா விசுவாசம் போயிட்டுன்னு அர்த்தமா, சிஸ்டர்?"

கேட்டவர் அருமைநாயகம். வயது அறுபத்தொன்று. ஊரில் யார் படுக்கையில் விழுந்தாலும் தலைமாட்டில் நின்று ஜெபிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். "விசுவாசிக்கு என்ன பயம்?" என்று நோயாளிகளை அதட்டியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

சபையில் ஊழியம் செய்யும் சிஸ்டர் ரெபெக்காளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் வேதத்தில் சந்தேகம் வந்தால் அவர் போய் நிற்பது அந்த அம்மாளிடம்தான்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணும். நெஞ்சுல ஆபரேஷன்."

"கூட யார் வாரா?"

"யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். வந்தா என் கை நடுங்குறதப் பாத்துருவாங்கல்லா?"

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். காலையில் மூன்று தடவை திறந்தார். மூன்று தடவையும் சாவைப் பற்றிய வசனம்தான் வந்தது.

சிஸ்டர் கையை நீட்டினார். அருமைநாயகம் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து வேதாகமத்தை எடுத்துக் கொடுத்தார்.

பக்கங்கள் கொத்துக் கொத்தாகக் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"சாவு வார பக்கமெல்லாம் திறக்க முடியாம குத்தி வச்சிட்டேன்." சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. "இப்ப நல்ல வசனமாத்தான் வருது. பயம்தான் போக மாட்டேங்குது."

சிஸ்டர் சிரிக்கவில்லை. புதிய ஏற்பாட்டில் ஒரு கொத்தின் ஊசியை மட்டும் பிடுங்கினார்.

"வாசிங்க."

"வேண்டாம் சிஸ்டர். அது ஆண்டவர் பாடுபட்ட கதை."

"வாசிங்க அண்ணாச்சி."

ஆண்டவர் பிடிபட்ட ராத்திரி, கெத்செமனே தோட்டம். அவருக்கு மனப்பாடமான இடம்தான். உதடு மட்டும் அசைய வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். விடிந்தால் ஆண்டவருக்குச் சாவு. மனம் கலங்கிப்போய், தம்மோடு விழித்திருக்கும்படி சீஷர்கள் மூன்று பேரைக் கேட்கிறார்.

அருமைநாயகம் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பிறகு தலை நிமிர்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு, சிஸ்டர். நாளைக்குக் கூட வாரீங்களா?"

"எத்தன மணிக்கு பஸ்?"