கோமளம் கிழித்த கோடு

மருதங்கோட்டையை ஆண்ட மல்லையராயருக்கு ஒருநாள் காலையில் ஒரு யோசனை வந்தது. ராஜாவுக்கு யோசனை வந்தால் யாருக்காவது வேலை வந்தே தீரும். மலையடிவாரத்தில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடந்த ஐந்து குக்கிராமங்களைச் சேர்த்து, நெல்வாய் என்று ஒரே ஊராக்கிவிட வேண்டும் என்றார். அதற்கு ஒரு சபை வேண்டும், எல்லை வேண்டும், வரலாறும் எழுதி வைக்க வேண்டும்.

எழுதும் பொறுப்பு அமைச்சர் செண்டலங்காரருக்குப் போனது. அங்கேதான் வினை. நெல்வாய்க்கு மேற்கே ஓர் ஓடை. அதன் அக்கரையில், அரண்மனைக்குப் போகிற வழியில், அமைச்சருக்கு மாளிகையும் மாந்தோப்பும் இருந்தன. இக்கரையில், வாய்க்கால் பிரிகிற இடத்தில், ஒரு மதகு. அதைத் திறந்தால் ஐந்து கிராமத்து வயலும் நனையும். அடைத்தால் தண்ணீர் முழுக்க அமைச்சர் தோப்புக்குத்தான்.

அமைச்சர் அரசவையில் ஓலையை வாசித்தார். "நெல்வாய்க்கு வடக்கே பாறை, தெற்கே கரிசல், கிழக்கே பிள்ளையார் கோயில். மேற்கே, மதகுக்கு முந்நூறு அடி முன்னாலேயே எல்லை முடிகிறது. மதகு என் பாட்டனார் கட்டியது."

ஊர்க்காரர்கள் சார்பில் வந்திருந்த மூக்காயி எழுந்தாள். "எங்க பாட்டன் பூட்டன் மண்ணு சுமந்து கட்டுன மதகு சாமி அது. இவுக பாட்டனாரு அன்னிக்கு வேடிக்கை பாக்க வந்தாரு. அம்புட்டுத்தேன்."

"ஓலை இருக்கிறதா?" என்று கேட்டார் ராஜா.

"எழுதத் தெரியாது சாமி. மதகு கட்டத்தேன் தெரியும்."

ராஜா மீசையைத் தடவினார். அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எல்லைத் தகராறு வந்தால் ஒரு பெண் யானையை நடக்க விடுவார்கள். அது சுற்றி வந்த நிலமெல்லாம் ஊருக்குச் சொந்தம். "இன்றைக்குப் பதினோராம் நாள் நம் கோமளம் நடக்கட்டும்" என்றார்.

செண்டலங்காரர் குழைந்தார். "நல்ல தீர்ப்பு மன்னா. ஆனால் நடக்கும்போது யாரும் அவளைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, தீனி காட்டக் கூடாது. அதைச் சட்டமாக்கிவிடுங்கள்."

கேட்பதற்கு எவ்வளவு யோக்கியமான பேச்சு. மறுநாள் விடிந்ததும் அமைச்சரிடம் காசு வாங்கிய பாகன் கோமளத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். பிள்ளையார் கோயிலில் தொடங்கி, கரிசல் ஓரமாக மேற்கே நடந்து, மதகுக்கு முந்நூறு அடி இருக்கும்போதே வடக்கே திரும்பி, அறுவடை முடிந்த வயல்களின் குறுக்கே போய், பாறையோரமாகக் கோயிலுக்கே வந்து சேர வேண்டும். வந்ததும் தேங்காய் அளவு வெல்லம். தினமும் இதே பாடம்.

ஒன்பதாம் நாள் மூக்காயி, அரசவையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்கும் சீராளனைத் தேடி வந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மதகு போச்சுன்னா அஞ்சு ஊரும் மூட்டை கட்ட வேண்டியதுதேன் ஐயா." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அவள் வயலில் நின்று தினமும் பார்த்த பாகனின் பாடத்தைச் சீராளன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். "கோமளம் குறுக்கே போகிற வயல் யாருடையது?"

"எங்களதுதேன். தாள் காஞ்சு கெடக்கு. அடுத்த வாரம் நடவு."

"நாளைக்குப் பாகன் பாடம் முடித்துப் போனதும், தண்ணீர் கட்டிச் சேறாகத் தொழி உழுதால் என்ன?"

மூக்காயி கண்ணைத் துடைத்தாள். "உழுதா சேத்துல மனுசன் தொடை வரைக்கும் எறங்குவான்."

"யானை?"

"யானை கால வச்சுப் பாக்கும். எறங்குச்சுன்னா அடுத்த அடி வைக்காது." சொல்லிக்கொண்டே வரும்போது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியானால் நீ வயலைப் பார். நான் இந்தச் சாப்பாட்டைப் பார்க்கிறேன்" என்றான் சீராளன்.

பதினோராம் நாள் ஊரே திரண்டது. ராஜா குதிரையில் பின்தொடர, கோமளம் கரிசல் ஓரமாக ஒழுங்காக நடந்தாள். மதகுக்கு முந்நூறு அடியில் வடக்கே திரும்பினாள். காலை வைத்தாள். சளக்கென்று இறங்கியது. இழுத்துக்கொண்டாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. பாகன் வாயைத் திறந்தான்.

"கூப்பிடக் கூடாது பாகா. அமைச்சர் போட்ட சட்டம்" என்றான் சீராளன்.

வெல்லம் கோயிலில் கிடைக்கும் என்பது கோமளத்துக்குத் தெரியும். காய்ந்த வழிதான் வேண்டும். நேரே மேற்கே நடந்து, மதகைத் தாண்டி ஓடையில் இறங்கினாள். நிதானமாகக் குளித்தாள். அக்கரை ஏறினால் மாந்தோப்பின் முள்வேலி. வேலியோரமாகவே போய், தோப்பையும் மாளிகையையும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே மறுபடி ஓடையைக் கடந்து, பாறையோரமாகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் பாகன் மடியில் துதிக்கையை விட்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மோசடி மன்னா" என்று அலறினார் அமைச்சர். "வேண்டுமென்றே வயலைச் சேறாக்கியிருக்கிறார்கள்."

"உழவர் வயலை உழுததா மோசடி? அவர்கள் யானையைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, தீனியும் காட்டவில்லை. தீனி பாகன் மடியில் அல்லவா இருந்தது" என்றான் சீராளன். ராஜா பாகனைப் பார்த்தார். பாகன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் ஆகாயத்தைப் பார்த்தார்.

மூக்காயி முன்னால் வந்தாள். "அப்ப அமைச்சரு வீடும் இனி எங்க ஊருதேன் சாமி. எல்லைக்குள்ள வீட்டுக்கு ஒரு ஆளு ஆடி மாசம் மம்பட்டியோட வந்து வாய்க்கா தூர் அள்ளணும். அவுக வீட்டுல ஆம்பளன்னு இருக்கறது அவுக ஒருத்தருதேன்."

அமைச்சர் ராஜாவின் குதிரை முன்னால் வந்து கைகூப்பினார். "இன்னொரு தடவை நடக்க விடுங்கள் மன்னா. ஒரே ஒரு தடவை."

பழகிய மனிதர் கெஞ்சியதும் ராஜாவின் மனம் இளகிவிட்டது. "கேட்பதில் தப்பில்லையே. நீ என்ன சொல்கிறாய் சீராளா?"

சீராளன் பவ்வியமாகக் கைகட்டி நின்றான்.

"தாராளமாக விடலாம் மன்னா. ஆனால் தொழி காயப் பத்து நாளாகும். மாளிகையைச் சுற்றி வந்த வழியும் அவளுக்கு அலுத்திருக்கும். அதைவிட்டால், அப்புறம் காய்ந்த தரை அரண்மனையைச் சுற்றித்தான். ஒரே ஒரு சந்தேகம். ஆடி மாதத்துக்குத் தங்களுக்கு எந்த அளவில் மண்வெட்டி செய்யச் சொல்லட்டும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சீராளன் மேல் போட்டார். ஆனால் அதற்கு முன்பே, கோமளம் நடந்த வழியையே எல்லையாக எழுதச் சொல்லி, அந்த ஓலையை வாங்கி முத்திரையை அழுத்தமாகக் குத்திவிட்டார்.