வலம்புரி விட்ட மூச்சு

விலங்குகள் வாய் திறந்தால் பேச்சு வந்த அந்தக் காலத்தில், நாவற்சோலை என்னும் ஊரில் எழுந்தருளியிருந்த பெருமானின் திருக்கோயிலில் வலம்புரி என்றொரு வெள்ளைக் குதிரை இருந்தது. பங்குனித் திருவிழாவில் பரிவேட்டையன்று பெருமானைச் சுமந்து ஊர் எல்லைவரை சென்று திரும்புவதே அதன் திருப்பணி. மற்ற நாளெல்லாம் கொள்ளும் புல்லும் ஓய்வும்தான். இப்படியொரு பிறவி வாய்க்க முற்பிறவியில் எத்தனை தவம் செய்ததோ என்று ஊரார் வியந்தார்கள். ஆனால் வலம்புரி அந்தத் திருப்பணியை ஒருமுறைகூடச் செய்ததில்லை.

காரணம் அச்சம். அதற்குத் தன் நிழலைக் கண்டால் அச்சம். நிழல் இல்லாவிட்டால் எங்கே போயிற்றென்று அச்சம். வாழை இலை, வைக்கோற்புரி, அர்ச்சகரின் தும்மல், எதுவும் விலக்கல்ல. அச்சத்தை மனத்தோடு வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பேச்சுத்தான் வருமே! "அங்கே என்ன அசைகிறது? இலையா? இலை ஏன் அசைகிறது? யார் அசைக்கிறார்கள்?" என்று விடியலில் தொடங்கினால் சாயரட்சை மணி அடிக்கும்வரை ஓயாது. சென்ற ஆண்டு திருக்குடையை விரித்ததும் "செத்தேன்!" என்று கூவியபடி பட்டுச் சேணத்தோடு கோயில் குளத்தில் பாய்ந்துவிட்டது. அப்போது பெருமான் இன்னும் ஆரோகணிக்கவில்லை. அடியார்கள் செய்த புண்ணியம் அது.

குதிரையைப் பழக்கும் பொறுப்பு கூத்தன் என்பவனுடையது. நல்லவன், குதிரையின்மேல் ஒருநாளும் கை ஓங்காதவன். ஆனால் பேச்சில் அவனும் குதிரைக்கு இளைத்தவன் அல்லன்.

"பயப்படாதே, ராசா. இது வெறும் குடை. பருந்து மாதிரிப் பாய்ந்து வந்து கொத்தாது" என்பான்.

"பருந்தா? பருந்து வேறு வருமா?"

"வராது என்றுதானே சொல்கிறேன்! பருந்து குதிரையைக் கொத்தியதாக நான் கேள்விப்பட்டதே ஒரு தடவைதான்."

"ஒரு தடவையா! எங்கே கொத்தியது? கண்ணிலா?"

"சேச்சே, கண்ணில் இல்லை. காதில். அதுவும் ஆறிப் போயிற்று."

அதன்பின் வலம்புரி குடைக்கும் அஞ்சியது; பருந்துக்கும் அஞ்சியது; தன் காதுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று அடிக்கடி ஆட்டிப் பார்த்தது. மேளத்தைக் காட்டி "இது இடி அல்ல" என்றான் கூத்தன். அன்றே இடியச்சம் சேர்ந்தது. தீவட்டியைக் காட்டி "காட்டுத்தீயென்று நினைத்துவிடாதே" என்றான். அதுவரை அது அப்படி நினைத்ததே இல்லை. இவ்வாறு அவன் அன்பு மிகுதியால் ஆறுதல் சொல்லச் சொல்ல, குதிரையின் அச்சம் நாற்றங்கால்போலத் தழைத்து வந்தது.

மாசி முடியும் தறுவாயில், கோயில் காரியங்களைக் கவனிக்கும் மணியம் மாறனார் லாயத்துக்கு வந்தார்.

"கூத்தா, இந்தத் தடவையும் இது குளத்தில் இறங்கினால் பெருமானைக் காளையின்மேல் எழுந்தருளப் பண்ணிவிடுவேன். சொல்லிவிட்டேன்" என்றார்.

மடப்பள்ளிக்குத் தண்ணீர் வண்டி இழுக்கும் காளை பக்கத்துக் கொட்டிலிலிருந்து தலையை நீட்டியது. "எனக்கென்ன ஓய், ஆட்சேபம் இல்லை. குடைக்கெல்லாம் நான் அஞ்சுகிற ஜாதி இல்லை. பிண்ணாக்கு கொஞ்சம் தடவிக் கொடுத்தால் குடையைத் தின்றேவிடுவேன்."

அன்று வலம்புரி கொள்ளைத் தொடவில்லை.

"ஐயா, எனக்கு அவரைச் சுமக்க ஆசை இல்லையென்று நினைக்கிறீரா?" என்று மெல்லக் கேட்டது. "ஒரே ஒரு தடவை அவர் பாரம் என் முதுகில் இருந்தால் போதும், பிறகு எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் குடையைக் கண்டால் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடுகின்றனவே, நான் என்ன செய்வேன்?"

கூத்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை நீராடி, மனைவி உலகம்மையோடு சன்னிதிக்குப் போய் நின்றான்.

"பெருமானே, என் குதிரையின் பயத்தைத் தெளிவித்தருள வேண்டும். பரிவேட்டை முடியும்வரை எனக்கு மிகவும் பிரியமான ஒன்றை உனக்காக விட்டுவிடுகிறேன். அதாவது..."

புளியோதரை என்று சொல்வதாகத்தான் அவன் எண்ணியிருந்தான். அந்தச் சொல் வெளிவருமுன் உலகம்மை கைகூப்பி உரக்கச் சொன்னாள்:

"பேச்சு, சுவாமி. இவருக்கு அதைவிடப் பிரியமானது ஒன்றுமில்லை. இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற நான் சாட்சி."

கூத்தன் திடுக்கிட்டுத் திரும்புவதற்குள் அர்ச்சகர் மணியை அடித்துத் தீபாராதனையும் காட்டிவிட்டார். சன்னிதியில் சொன்னது சொன்னதுதான். அவன் வாயைத் திறந்தான், மூடினான், உள்ளே திரண்டு நின்ற சொற்களெல்லாம் போக வழியின்றி, உதடு படபடக்க, "புர்ர்ர்" என்று நெடுமூச்சாக வெளிவந்தன.

"நன்றாக இருக்கிறது. அப்படியே இருங்கள்" என்றாள் உலகம்மை.

அன்று முதல் பயிற்சி வேறு விதமாயிற்று. ஆறுதல் சொல்ல வாயில்லாத கூத்தன், சுருட்டிய திருக்குடையை எடுத்துக்கொண்டு நந்தவனத்தின் கோடியில் போய், குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மனத்துக்குள் திருநாமம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அது குடைதானே? கொத்துமா? ஐயா, கேட்கிறேன் அல்லவா! இன்று என்ன, பதிலே காணோம்?" என்றது வலம்புரி.

கூத்தன் நெடுமூச்சு விட்டான்.

"புர்ர் என்றால் கொத்தும் என்று பொருளா, கொத்தாது என்று பொருளா?"

மறுபடியும் நெடுமூச்சு. கேட்டுக் கேட்டு வலம்புரிக்கே அலுத்துவிட்டது. அலுத்ததும் அரையடி எடுத்து வைத்தது. குளம்பொலி கேட்ட கூத்தன் எழுந்து, குடையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பால் நடந்துவிட்டான். உண்மையில் அவனுக்கு ஏதாவது பேசிவிடுவோமோ என்று பயம். ஆனால் குதிரை கண்டது வேறு: தான் ஓரடி வைத்தால் குடை ஓடுகிறது!

"நில்லும்! எங்கே கொண்டுபோகிறீர்? பாவம், அது என்ன செய்தது?" என்று அது பின்னாலேயே வந்தது.

ஓடுகிற பொருளைக் கண்டு யார் அஞ்சுவார்? இந்த நுட்பத்தைக் கூத்தன் மெல்லப் புரிந்துகொண்டான். காது விறைத்தால் குடையோடு விலகுவான். காது தளர்ந்தால் நெருங்குவான். அவசரம் எப்போதும் அவன் நாவில்தான் இருந்தது. நாக்கைக் கட்டியபின் கைகால்களில் அது இல்லை என்று கண்டு அவனே வியந்தான். சில நாளில் வலம்புரி குடையின் குஞ்சத்தை மோந்து பார்த்தது. பிறகு நக்கிப் பார்த்தது. பிறகு கடித்தும் பார்த்து, "உப்பு இல்லை" என்றது.

தவில்காரரைக் குளத்தின் அக்கரையில் நிற்கவைத்து, "மெதுவாக" என்று கையைத் தாழ்த்திக் காட்டினான். அவர் "ஓங்கி அடி" என்று புரிந்துகொண்டு வெளுத்து வாங்கினார். குதிரை காற்றாய்ப் பறந்து மடப்பள்ளிக்குள் புகுந்துவிட்டது. கூத்தனின் வாய்வரை வந்த சொற்களைப் பெருமான் ஒருவரே அறிவார். அவன் அத்தனையையும் மூச்சாக ஊதிவிட்டு, மடப்பள்ளி வாசலில் போய்ச் சும்மா உட்கார்ந்தான். உள்ளேயிருந்து வெகுநேரம் புலம்பல் கேட்டது. பிறகு புலம்பல் நின்றது. பிறகு தலையில் கறிவேப்பிலையோடு வலம்புரி வெளியே வந்து, அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

பரிவேட்டை மாலை வந்தது. பெருமான் வேட்டைக் கோலத்தில், கையில் வில்லேந்தி, வலம்புரியின்மேல் எழுந்தருளினார். முதுகில் அந்தப் பாரம் இறங்கியதும் குதிரையின் உடலெங்கும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. "ஐயா, கனக்கவே இல்லை" என்று வியப்போடு முணுமுணுத்தது. மேளம் முழங்கிற்று, தீவட்டிகள் எரிந்தன, தலைக்குமேல் திருக்குடை விரிந்தது. வலம்புரி அடியெடுத்து வைத்தது. மணியம் மாறனாருக்கோ நம்பிக்கை இல்லை. காளையைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, பின்னாலேயே நடத்தி வந்தார்.

ஊர் எல்லையில்தான் அது நேர்ந்தது. வயல்வெளிக் காற்று சட்டென்று வீச, குடை பிடித்தவரின் கை தளர்ந்தது. குடை ஒருக்களித்துக் கீழிறங்கிப் படபடவென்று குதிரையின் முகத்துக்கு நேரே வந்தது. பருந்து, இடி, காட்டுத்தீ என்று கூத்தன் அன்போடு கற்றுக்கொடுத்தவை அத்தனையும் ஒன்றாகத் திரண்டு வலம்புரியின் தொண்டைக்கு வந்தன. வாய் திறந்தது. முன்னங்கால் எழும்பியது. பெருமான் அசைந்தார். கூட்டம் "ஐயோ!" என்றது.

'பயப்படாதே' என்னும் சொல் கூத்தனின் நாநுனிக்கு வந்துவிட்டது. அந்தச் சொல் விழுந்தால் குதிரை பாயும். குதிரை பாய்ந்தால் பெருமான் விழுவார். அவன் வலம்புரியின் கண்ணைப் பார்த்தான். அந்தச் சொல்லை விழுங்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு நெடுமூச்சை விட்டான்.

"புர்ர்ர்ர்."

வலம்புரி அவனைப் பார்த்தது. எழும்பிய கால் அந்தரத்தில் ஒருகணம் நின்றது. பிறகு தாழ்ந்து மண்ணை மிதித்தது. தொண்டையில் முட்டி நின்ற அச்சம் முழுவதையும், சொன்னவை சொல்லாதவை எல்லாவற்றையும், அது ஒரே மூச்சாக உதறிவிட்டது. நாசி விரிந்து, உதடு படபடக்க, அந்த மூச்சு எதிரே நின்ற தீவட்டியொன்றை அணைத்துப் போயிற்று. தலை தாழ்ந்தது. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்தன. பெருமான் அமைதியாக வீற்றிருந்தார்.

கோயில் திரும்பிப் பெருமானை இறக்கியதும் விரதமும் முடிந்தது. கூத்தன் ஓடிவந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ராசா! என்ன காரியம் செய்தாய்! எப்படி இருந்தது? முதுகில் அவர் எப்படி இருந்தார்? சொல்லு, சொல்லு!"

வலம்புரி வாயைத் திறந்தது. சொல் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு மூச்சோடு அச்சம் போனபோது, அதனோடு பின்னிக் கிடந்த பேச்சும் சேர்ந்து போய்விட்டிருந்தது. அது தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, கிடைக்காததைப் பற்றி அஞ்சவும் இல்லை. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, "புர்ர்ர்" என்றது.

"ஐயையோ, பேச்சு போய்விட்டதே!" என்று கூத்தன் பதறினான்.

"இன்னும் என்ன சொல்ல வேண்டும்? எனக்கே விளங்குகிறது" என்றாள் உலகம்மை.

காளைக்குத்தான் வருத்தம். "இனி நான் யாரோடு சண்டை போடுவது?" என்று கேட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது குடையின் குஞ்சத்தைத் தின்றது.

அன்று முதல்தான், அஞ்சிய குதிரைக்கு மனம் தெளிந்தால் அது தலையைத் தாழ்த்தி, உதடு படபடக்க நெடுமூச்சு விடுகிறது. அருகில் நின்று அதைப் பழக்குகிறவனும், சொல்ல வந்ததை மறந்து, தானும் ஒரு மூச்சு விடுகிறான்.