கீழப்பாறைச் சங்கு

“பிழை எதுவும் இல்லைன்னுதானே காட்டுச்சு. அப்புறம் எப்படி மேடம் அது என் தப்பாகும்?”

கருணாகரன் இதைக் கேட்டபோது நாச்சியார் வகுப்பறைப் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். கருணாகரனைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனாலும் அணைக்கட்டு அலுவலகத்துக்குக் கணினி வந்த காலத்தில், கருணாகரன் பாடம் கேட்டது அவரிடம்தான்.

எந்த மதகைத் திறந்தால் எந்த ஊரில் அபாயச் சங்கு ஊத வேண்டும் என்பதெல்லாம் கணினியில் ஒரு கோப்பில் இருக்கும். அதைப் புதிதாக எழுதியவர் கருணாகரன். ஒரு காற்புள்ளி பிசகினாலும் காட்டிக்கொடுக்கும் நிரலில் போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

ஆனால் கீழப்பாறை என்று வர வேண்டிய இடத்திலும் மேலப்பாறை என்றே அடித்திருந்தார்.

தண்ணீர் திறந்த அன்று மேலப்பாறையில் சங்கு ஊதியது. கீழப்பாறையில் ஊதவில்லை. ஆற்றில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கரையேறவில்லை.

“நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான் மேடம் சோதிச்சேன்.”

“ஆமா சார். நான் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

நாச்சியார் பலகை துடைப்பானைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“இறந்தவர் பேர் என்ன?”

கருணாகரனுக்குத் தெரியவில்லை. அலுவலக அறிக்கையில் ‘ஒருவர்’ என்றுதான் இருந்தது.

கோப்பைத் திருத்தியாயிற்றா என்று கேட்டார் நாச்சியார். திருத்தி, மறுபடி நிரலில் போட்டுப் பார்த்தாயிற்று என்றார் கருணாகரன். அப்படியானால் நாளைக்குக் கீழப்பாறையில் சங்கை ஊதவிட்டுப் பார்க்கச் சொன்னார். ஜனங்கள் பயந்து ஓடிவிடக் கூடாது, முன்னதாகவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

“ஆள் அனுப்பிடறேன் மேடம்.”

“நீங்க போங்க சார்.”

போனார்.

ஆற்றை ஒட்டிய வீட்டில் ஒரு பெண் எருமைகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். தான் அணைக்கட்டிலிருந்து வருவதாகச் சொன்னார் கருணாகரன். இன்னும் சற்று நேரத்தில் சங்கு ஊதும், சும்மா சோதனைக்குத்தான் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்சுவரில் மாலை போட்ட படம் கண்ணில் பட்டது. அடியில் சிவனணைந்தான் என்று பேர் எழுதியிருந்தது.

அந்தப் பேரை அவர் இன்னொரு முறை வாசித்தார்.

அவள் உட்காரச் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்றார்.

சங்கு ஊதியது. நீளமாக, வீட்டுப் பாத்திரங்கள் அதிர. எருமைகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. தூரத்து வயலில் குனிந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அது ஓயும்வரை அவள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போடவில்லை.

“ஆத்துக்குள்ள நின்னாலும் இது கேட்டிருக்குமாய்யா?”

கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டிருக்கும்மா. ஊர்ப் பேரை நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”