ஆறாவது சுவை பெயர் வாங்கிய கதை

அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் இருப்பவைகூடப் பேசும். அடிக்குடலின் இருட்டில் குடியிருந்த சிற்றுயிர்களுக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். முதலில், தனக்குத் தெரிந்த ஐந்து சுவைகளைத் தவிர வேறெதையும் நாக்கு உள்ளே விடவில்லை. அடுத்து, வந்ததை இரைப்பை கூழாக்கியது. அதன்பின் சிறுகுடல் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில், கீழே உழைத்தவர்களுக்குச் சக்கைகூட மிஞ்சவில்லை.

பசியில் அவர்கள் தாங்கள் குடியிருந்த குடல் சுவரையே சுரண்டித் தின்றார்கள். சுவர் புண்ணானது. உடலுக்குச் சொந்தக்காரி மாடத்தி ஊதிப்போனாள். தின்ற இனிப்பு எரியாமல் இரத்தத்தில் தேங்கியது. களை வெட்ட எழுந்தால் கால் நடுங்கியது.

"இவ செத்தா நமக்கும் சாவுதானே, இருளாயி அக்கா?" என்றது ஒரு சிற்றுயிர்.

"சுவரை விடுங்கடா! நான் மேலே கேக்கிறேன்" என்றாள் தலைவி இருளாயி. தங்களுக்கும் ஒரு பங்கு விடும்படி நாக்கிடம் கேட்டாள்.

"கீழே கிடக்கிறவளுக்கு ருசி ஒரு கேடா?" என்று நாக்கு சிரித்தது.

அந்த வாரம் மாடத்தி வீட்டில் அரிசி தீர்ந்தது. கொல்லையில் வாழைப்பூ மட்டும் இருந்தது. அதிலிருந்த பெயரில்லாத சுவை நாக்கைச் சுருட்டி இழுக்கும். வழக்கமாக, நறுக்கிய பூவை அந்தச் சுவை போகும்வரை அலசி அலசிக் கொட்டுவாள். அன்று நிற்கத் தெம்பில்லை. அலசாமலே வதக்கி விழுங்கினாள்.

"கரை!" என்று அதட்டியது இரைப்பை.

"மாட்டேன். எனக்காகக் கீழே ஆள் காத்திருக்கு" என்றது அந்தப் பெயரில்லாத சுவை.

சிறுகுடலும் உறிஞ்சிப் பார்த்துத் தோற்றது. அடிக்குடலில் அதைப் பிட்டுப் பங்கிட்டுத் தின்றார்கள். தின்றதுபோக, துணுக்குகளாக்கி இரத்தத்துக்கும் அனுப்பினார்கள். அவமதித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். மறுநாளும் அதே கறி. அடுத்த வாரமும் அதே. சுவர் ஆறியது. தேங்கிய இனிப்பு எரிந்தது.

"அப்பாடா! காலு என் பேச்சைக் கேக்குதே!" என்று மாடத்தி களைக்கொட்டை எடுத்தாள்.

அரிசி வந்ததும் நாக்கு அந்தச் சுவையைப் பழையபடி துப்பப் பார்த்தது. "பேரில்லாததுக்கு இங்கே வழியில்லை."

"அப்போ பேர் வை. பல்லுங்க சாட்சியா, சுவைப் பட்டியல்ல அதையும் சேர்த்துச் சத்தமா வாசி. இல்லைன்னா மறுபடி சுவரைத் தின்போம்" என்றாள் இருளாயி.

"வாசிச்சுத் தொலையேன், தம்பி" என்று இரைப்பையே கெஞ்சியது.

நாம் சுவைகளை ஆறென்று எண்ணுவதும், விருந்து இலையில் அந்த ஆறாவதற்கும் இடம் வைப்பதும் அன்று முதல்தான். பற்கள் எழுந்து நின்றன. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, உவர்ப்பு என்று ஐந்தையும் வாசித்த நாக்கு நிறுத்தியது.

"இன்னும் ஒண்ணு" என்றன பற்கள்.

நாக்கு சுருண்டு, நிமிர்ந்து, அடிக்குடல் வரை கேட்க வாசித்தது:

"துவர்ப்பு."