பிரதானி கடித்த அதிரசம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் நெய்யில் மிதக்காத எதையும் அவன் சாப்பாடு என்று ஒப்புக்கொண்டதில்லை. அந்த வருஷம் நகர்வலத்துக்குப் புறப்படும்போது, முடிசூட்டு நாளில் அணிந்த பொன் அரைக்கச்சையைக் கட்டப் பார்த்தார்கள். எத்தனை பேர் இழுத்தும் கொக்கி சேரவில்லை. கச்சை இல்லாமல் வீதியில் வந்த ராஜாவைக் கண்டு ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் சபையில் ராஜா கர்ஜித்தான்.

"அடுத்த நகர்வலத்துக்குள் அந்தக் கச்சை என் இடுப்பில் ஏற வேண்டும். ஆனால் என் இலை நிறைந்திருக்க வேண்டும். பசியோடு எழுந்திருக்க மாட்டேன். 'சாப்பிடாதே' என்று எவனும் என்னிடம் சொல்லக் கூடாது!"

வைத்தியர்கள் 'எங்களால் ஆகாது' என்று கும்பிட்டு விலகினார்கள். பிரதானி உத்தமராயர் மட்டும் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். உத்தமம் எல்லாம் பெயரோடு சரி. விகடகவி சடையாண்டிமேல் ராஜா வைத்திருந்த பிரியத்தைக் கண்டு அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இதற்கேற்ற ஆள் சடையாண்டிதான். தவறினால் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

சடையாண்டிக்குப் பயம்தான். பிள்ளைகுட்டிக்காரன், போக வேறு ஊரும் இல்லை. ஆனாலும் கும்பிட்டுச் சொன்னான்: "உத்தரவு, மகாராஜா. மடைப்பள்ளியை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள்."

அடுத்த நாள் தலைவாழை இலையில் துளி இடம் காலியில்லை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டுப் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, முளைகட்டிய பயறு, வெள்ளரிப் பச்சடி, வேகவைத்த மீன், நடுவே கைப்பிடி தினைச்சோறு, அதன்மேல் கொள்ளு ரசம். குடிக்க வெண்ணெய் எடுத்த மோர்.

"நெய் எங்கே?" என்று உறுமினான் ராஜா.

"இலை நிறைய வேண்டும் என்றீர்கள், நிறைத்துவிட்டேன். எதைக்கொண்டு என்று தாங்கள் கட்டளையிடவில்லையே! சாப்பிடுங்கள் மகாராஜா, இன்னும் சாப்பிடுங்கள்!"

ராஜா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டான். பயறும் மீனும் பசியை அடக்கின. சில வாரங்களில் படியேறினாலும் மூச்சு வாங்கவில்லை.

உத்தமராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் வீட்டில் நெய் சொட்டச் சொட்ட அதிரசம் சுடச் செய்து, கூடையோடு சபைக்குக் கொண்டுவந்தார். வாசனை வந்ததுமே ராஜாவின் கை நீண்டது.

சடையாண்டி குறுக்கே வந்தான். "வெளியிலிருந்து வரும் பண்டத்தில் விஷம் இருக்கலாம். கொண்டுவந்தவர் முதலில் தின்று காட்ட வேண்டும். அரண்மனை வழக்கம்."

உத்தமராயர் அலட்சியமாக ஒன்றைக் கடித்தார்.

"அதில் விஷம் இல்லை. அடுத்ததில்?"

அதையும் கடித்தார்.

"அதற்கு அடுத்ததில்?"

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் சந்தேகம் வந்துவிடும். பாவம், பிரதானி கூடையில் இருந்த அத்தனையையும் கடித்து வைத்தார்.

"இப்போது தாராளமாகச் சாப்பிடலாம், மகாராஜா. என்ன, எல்லாம் பிரதானியாரின் எச்சில்!"

ராஜா முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டான். "கடித்தவரே தின்று முடிக்கட்டும்!"

பிரதானி விடவில்லை. என்றாவது காவல் அசரும் என்று பணியாரம், அல்வா என்று கொண்டுவந்துகொண்டே இருந்தார். எல்லாம் அவர் வயிற்றுக்கே போயிற்று. போகப் போக ருசியும் பிடித்துவிட்டது.

நகர்வல நாள் வந்தது. சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். கொக்கி டக்கென்று மாட்டிக்கொண்டது! சபை ஆரவாரித்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்த்துவதுபோல் குனிந்த உத்தமராயரின் பட்டு அங்கி மட்டும் முதுகில் பர்ரென்று கிழிந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தன் கைக் கங்கணத்தைக் கழற்றிச் சடையாண்டிக்குப் பூட்டி, யானைமேல் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். பிறகு கீழே பார்த்துச் சொன்னான்:

"பிரதானியாரே, நீர் யானைக்கு முன்னால் நடந்து வாரும். நாளை முதல் சடையாண்டியின் பந்தியில் உமக்கும் இலை போடச் சொல்லியிருக்கிறேன்!"